ஜன்னல் சீட்டு வேண்டாம், அம்மா!

“மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன் டாக்டர். போன இடத்துல நானே ஆஸ்பத்திரியில படுத்துட்டேன்!”

எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு வயது 63. பத்து வருடமாக மூட்டு வலிக்கு என்னிடம்தான் வைத்தியம். அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த கையோடு ஒரு தடித்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிரித்துப் பார்த்தேன். இடது காலின் உள்ளே ஆழமாக ஓடும் சிரையில் ரத்தக்கட்டி. கூடவே சிறுநீர்த் தொற்று. மகள் ஒரு மாடியில் கைக்குழந்தையோடு, தாய் அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு மாடியில். பேத்தியின் முகத்தை முதல் ஐந்து நாட்கள் மருமகனின் செல்போனில்தான் பார்த்தாராம்.

“எப்படிம்மா போனீங்க?” என்று கேட்டேன்.

“சென்னையிலேருந்து துபாய் நாலு மணி நேரம். அங்க நாலு மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் நியூயார்க்குக்கு பதினாலு மணி நேரம்.”

“அவ்வளவு நேரத்துல எத்தனை தடவை பாத்ரூம் போனீங்க?”

கொஞ்சம் தயங்கினார். “ஒரே தடவைதான். துபாய்ல. ஜன்னல் சீட்டு டாக்டர். பக்கத்துல ரெண்டு ஆம்பளைங்க தூங்கறாங்க. எப்படி எழுப்பறது? அதான் தண்ணியே குடிக்கல.”

பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் பதினான்கு வேகங்களைப் பாடம் எடுத்தது ஞாபகம் வந்தது. சிறுநீர், மலம், அபான வாயு, தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் என்று போகும் அந்தப் பட்டியல். இவை உடம்பு அனுப்பும் உத்தரவுகள், அடக்கினால் நோய் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். இந்த அம்மா ஒரே பயணத்தில் தாகம், சிறுநீர், தூக்கம் மூன்றையும் அடக்கியிருக்கிறார். இவர் மட்டுமா? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

இந்தக் கதையில் என் பங்கும் ஒன்று இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போய் இறங்கிய நான்காம் நாள் அவருக்கு இடது கெண்டைக்கால் வலித்து வீங்கியிருக்கிறது. ‘வாயு பிடிச்சிருக்கு’ என்று நினைத்து, நான் மூட்டுக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தையே எடுத்து இரண்டு நாள் அழுத்தித் தேய்த்திருக்கிறார்! ரத்தக்கட்டி இருக்கும் காலை அப்படித் தேய்க்கவே கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல காலம், அவருக்கு அப்படி நடக்கவில்லை. அந்த பாட்டிலில் ‘மூட்டு வலிக்கு’ என்று எழுதிக் கொடுத்தேனே தவிர, எப்போது தேய்க்கக்கூடாது என்று எழுதவில்லை. அந்தக் குறை என்னுடையது.

விமானத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? எளிய உதாரணம் சொல்கிறேன். ஊட்டிக்குப் போகும்போது சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி சுமார் 7,300 அடி உயரம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாகத்தான் வைத்திருப்பார்கள். அதாவது துபாயிலிருந்து நியூயார்க் வரை நீங்கள் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! பாக்கெட்டில் நடப்பது வயிற்றிலும் நடக்கும். குடலில் இருக்கும் வாயு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். கிளம்புகிற அன்றைக்குக் கொண்டைக்கடலை சுண்டல், மொச்சைக் குழம்பு, சோடா எதுவும் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். இட்லி, மோர்சாதம், ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர், அவ்வளவு போதும். அபான வாயுவை அங்கேயும் அடக்காதீர்கள். கூச்சமாக இருந்தால் எழுந்து பின்பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.

ஊட்டியில் குளிரும் ஈரமும் இருக்கும். விமானத்திலோ பாலைவன வறட்சி. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான். மூக்கு, தொண்டை, கண் எல்லாம் காய்ந்துவிடும். அசையாமல் இருப்பதும், தூக்கம் கெடுவதும், வறட்சியும் சேர்ந்தால் வாதம் ஏறும் என்பது எங்கள் கணக்கு. நவீன மருத்துவமும் வேறு வார்த்தைகளில் அதே எச்சரிக்கையைத்தான் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பயந்துவிடாதீர்கள், நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் வயது, பருமன், காலில் சுருள் சிரை, சமீபத்திய ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை, கர்ப்பம், முன்பே ஒருமுறை கட்டி வந்தது போன்றவை சேரும்போது கணக்கு மாறுகிறது.

இது விமானம் கண்டுபிடித்த நோயும் அல்ல. 1940ல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பாதுகாப்பு அறைகளில் கான்வாஸ் நாற்காலியிலேயே இரவைக் கழித்தவர்கள் சிலர், காலில் ரத்தம் உறைந்து திடீரென்று இறந்துபோனதை அந்த ஊர் மருத்துவர்கள் அன்றைக்கே எழுதிவைத்தார்கள். குற்றவாளி நாற்காலிதான்! பஸ்ஸானாலும் ரயிலானாலும் இதே கதைதான்.

நான் சொல்லும் மருந்து மிகவும் மலிவு: தண்ணீர். தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். சிறுநீர் வந்தால் எழுந்திருப்பீர்கள். எழுந்தால் நடப்பீர்கள். நடந்தால் கெண்டைக்கால் தசை பம்ப் மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். ஜன்னல் சீட்டு வேண்டாம் என்பது இதற்காகத்தான். மேகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? டிக்கெட் போடும்போதே பிள்ளையிடம் ‘நடைபாதை ஓரம் போடுடா’ என்று சொல்லிவிடுங்கள். மணிக்கு ஒருமுறை அரை டம்ளர் தண்ணீர், இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு நடை. உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், பழைய தையல் மெஷினை மிதிப்பது போல. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு கட்டை மாதிரி கிடப்பது ஆபத்து. இலவசமாகக் கிடைக்கிறதே என்று மது அருந்துவதும் அப்படித்தான்.

வாய் வறட்சிக்கு நெல்லிக்காய் வற்றல் ஒரு துண்டை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எச்சில் ஊறும், விழுங்குவீர்கள், இறங்கும்போது காது அடைப்பதும் குறையும். சுயிங்கம் மெல்லலாமே என்பீர்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் அதைக் கொண்டுபோகாதீர்கள், 1992 முதல் அங்கே தடை. வற்றலையும் விமானத்திலேயே தின்று முடித்துவிடுங்கள். உலர்ந்த பழங்களைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை. கடுமையான ஜலதோஷம் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். கண்ணின் விழித்திரை ஆபரேஷனில் உள்ளே வாயு செலுத்தியிருந்தால், அது கரைந்துவிட்டது என்று கண் டாக்டர் சொல்லும்வரை விமானம் ஏறவே கூடாது. அந்த வாயுவும் விரியும், பார்வை போய்விடும்.

இனி விமான நிலையங்களைப் பார்ப்போம். நம் ஆட்கள் பஸ் ஸ்டாண்டை மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். இறங்கினால் அடுத்த வண்டி எதிரே நிற்கும் என்று நினைப்பு. துபாயில் 2008ல் திறந்த மூன்றாவது டெர்மினலுக்குள் நுழைந்தால் தெரியும் சேதி. அதில் ஏ, பி, சி என்று நீளமான கட்டடங்கள். ‘ஏ’யிலிருந்து ‘பி’க்குப் போக உள்ளேயே ரயில்! வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையில் 2014 முதல் உலகத்தில் முதலிடம் அதற்குத்தான் என்றால் கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூட்டு வலிக்காரர் ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓடினால், பாத்ரூமும் போக மாட்டார், தண்ணீரும் குடிக்க மாட்டார். மூன்று நான்கு மணி நேரம் இடைவெளி வைத்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். அந்த நேரத்தை உட்கார்ந்தே தீர்த்துவிடாமல் நடப்பதற்கும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள்.

வீல்சேர் கேட்பதில் நம்மவர்களுக்கு ஒரு கௌரவப் பிரச்னை. “நான் என்ன நொண்டியா?” என்று ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். ஐயா, பெரிய நிலையங்களில் உங்களை கேட் வரைக்கும் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகாட்டி அது. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிட வேண்டும். இங்கிலீஷ் அறிவிப்பு புரியாதே என்ற பயமும் குறையும். பெரிய நிலையங்கள் பலவற்றில் இப்போது அறிவிப்பையே குறைத்துவிட்டார்கள். போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தனியாகத் தூங்கிப்போனால் யாரும் எழுப்ப மாட்டார்கள். இரண்டு பேராகப் போனால், பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் அடையாளத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோஹாவில் அதற்குக் கஷ்டமே இல்லை. நடுக்கூடத்தில் ஏழு மீட்டர் உயர மஞ்சள் கரடி பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

சிங்கப்பூர் சாங்கி என் மனதுக்குப் பிடித்த இடம். மூன்றாவது டெர்மினலில் பட்டாம்பூச்சித் தோட்டம், உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், எல்லாம் உண்டு. ஆனால் பல கேட்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான். பாட்டிலில் பிடித்த தண்ணீரை அங்கே கொட்டச் சொல்வார்கள். அதற்கு முன்பே வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போங்கள். 2019ல் திறந்த ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவி இருக்கிறதே, அது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. விசா இல்லாமல், விமானம் மாறுகிற அவசரத்தில் அதைப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். நிலையங்களில் கால் பிடித்துவிடும் மெஷின்களைப் பார்த்தால் உட்காரத் தோன்றும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, சர்க்கரையால் பாதம் மரத்திருந்தாலோ அந்தப் பக்கமே போகாதீர்கள்.

லண்டன் ஹீத்ரோவில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு மாற பஸ் ஏற வேண்டியிருக்கும், மறுபடியும் சோதனை நடக்கும். 2006 ஆகஸ்டில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி அங்கே வெளிப்பட்ட பிறகுதான் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி உலகமெங்கும் பரவியது. புதிய ஸ்கேனர் வந்த சில இடங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். நீங்கள் மாறிப் போகும் ஊரில் தளர்த்தியிருப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

இந்த விஷயத்தில் நானே ஏமாந்தவன். ஒரு நிலையத்தில் என் கைப்பையில் இருந்த இஞ்சி லேகியத்தை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். “இது திரவம் இல்லை சார், லேகியம்” என்று வாதாடினேன். குழைவாக இருப்பது எல்லாமே அவர்களுக்குத் திரவம்தான். ஊறுகாய், நெய், தைலம் எல்லாம் அதே கணக்கு. பிரசவ லேகியத்தைப் பெட்டியில் வைத்து, மேலே என்ன மருந்து என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டுங்கள். அமெரிக்கா போகிறவர்கள் கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் எந்தத் தூள் வைத்திருந்தாலும் 2018 முதல் தனிச் சோதனை உண்டு. சத்துமாவு, பருப்புப் பொடியும் இதில் அடக்கம்.

கசகசா கதை இதைவிட மோசம். குருமாவுக்கு என்று நூறு கிராம் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். அது அபினிச் செடியின் விதை. துபாயிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்! கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை இவற்றுக்கும் துபாயில் முன் அனுமதி வேண்டும். டாக்டர் சீட்டு, மருந்தின் மூலப்பெயர், ஒரிஜினல் அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். தினசரி மாத்திரைகள் எல்லாம் கைப்பையில்தான். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் பிரஷர் மாத்திரைக்கு எங்கே போவீர்கள்? இன்சுலினையும் பெட்டியில் போடாதீர்கள், கீழே சரக்கறைக் குளிரில் உறைந்து வீணாகலாம்.

சித்த வைத்தியன் வாயால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணி மகளுக்கு என்று இங்கிருந்து பஸ்பம், செந்தூரம், பெயர் தெரியாத மாத்திரைகளை வாங்கிப் போகாதீர்கள். 2011-12ல் நியூயார்க்கில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். காரணம் இந்தியாவிலிருந்து போன ஆயுர்வேத மாத்திரைகள். முறையாகச் செய்த மருந்து வேறு, கடையில் கிடைத்தது வேறு என்று நான் பக்கம் பக்கமாக எழுத முடியும். வயிற்றில் இருக்கும் குழந்தையை வைத்து அந்தப் பரீட்சை நடத்த வேண்டாம்.

பயணம் முடிந்து ஊர் சுற்றும் போதும் உடம்பைக் கேட்க வேண்டும். மலேசியா பத்துமலையில் 272 படிகள். இறங்கிய மறுநாளே ஏறாதீர்கள், முருகன் எங்கேயும் போய்விட மாட்டார். துபாய்க் கோடையில் 40 டிகிரிக்கு மேல் வெயில், கடைக்குள் நடுங்கும் குளிர். மாறி மாறிப் போனால் பெரியவர்களுக்கு மயக்கம் வரும். ஐரோப்பா டூரில் எல்லோரையும் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ் சிகரப் பக்கம் ரயிலில் கூட்டிப்போகிறார்கள். அந்த ஸ்டேஷன் 3,454 மீட்டர் உயரம், ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு. 2020 டிசம்பரிலிருந்து கேபிள் காரும் வந்துவிட்டதால் பாதி மலையைக் கால் மணியில் ஏறிவிடலாம். உடம்பு பழகுவதற்கு நேரமே இல்லை. இதய நோய், ஆஸ்துமா, கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் பணம் கட்டிவிட்டோமே என்று ஏறாமல், கீழே கிராமத்திலேயே காபி குடித்துக்கொண்டு பனியைப் பாருங்கள். மேலே தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த வண்டியில் இறங்குவதுதான் மருந்து.

தூக்கமும் ஒரு வேகம்தானே? நியூயார்க் நமக்குப் பின்னால் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம். உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். போன அன்றே பிள்ளை பெற்றவளுக்கு ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். முடிந்தால் பிரசவ தேதிக்கு மூன்று வாரம் முன்பே போய்ச் சேருங்கள். பகலில் அந்த ஊர் வெயிலில் அரை மணி நடங்கள், அந்த ஊர் மணிப்படி சாப்பிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மேற்கே போகும்போது நாள் நீண்டுவிடுகிறது. எந்த வேளை எவ்வளவு என்று கிளம்புமுன் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கிய சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் சூடாகி வலித்தாலோ தைலம், ஒத்தடம், கை வைத்தியம் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு முட்டி நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டிக்கு என்னிடம் சூரணம் கிடையாது.

போன வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். பேத்திக்கு முதல் பிறந்த நாளாம். ரத்தநாள நிபுணரிடம் அனுப்பியிருந்தேன். பயணத்துக்கு மாத்திரையும், காலை அளவெடுத்து இறுக்கமான காலுறையும் எழுதிக் கொடுத்திருந்தார். டிக்கெட்டைப் பெருமையாக நீட்டினார். 31 சி. நடைபாதை ஓரம்.

“வீல்சேரும் சொல்லியாச்சு டாக்டர். அந்தத் தைலம் ஒரு பாட்டில் குடுங்க.”

கொடுத்தேன். ‘முழங்காலுக்கு மட்டும். வீங்கிய காலில் தேய்க்கக்கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி, பெட்டியில் வைக்கச் சொன்னேன்.